ஒரு சுற்று முடிந்தால் அலகு மிஞ்சக் கூடாது

கட்டுப்பாட்டுக் கோட்பாட்டைப் படிக்கத் தொடங்கும் எவரும் முதல் சில வாரங்களிலேயே ஒரு கோவையைச் சந்தித்துவிடுகிறார்கள். பின்னூட்டம் உள்ள, அதாவது வெளியீட்டை அளந்து உள்ளீட்டிற்கே திருப்பித் தரும், எந்த அமைப்பின் பரிமாற்றச் சார்பை (வெளியீட்டிற்கும் உள்ளீட்டிற்கும் உள்ள விகிதத்தை) எழுதினாலும் அந்தப் பின்னத்தின் கீழ்ப்பகுதியில் "1 + வளையக் கெயின்" என்று வந்து நிற்கும் கோவைதான் அது. கெயின் என்பது உள்ளீடு எத்தனை மடங்காக வெளியீட்டில் வருகிறது என்பது; வளையத்தை ஒருமுறை சுற்றிவரும்போது கிடைக்கும் மொத்த மடங்கே வளையக் கெயின். அதன் மூலங்கள் எங்கே இருக்கின்றன, அமைப்பு நிலையாக இருக்குமா, இருக்காதா என்று ஆராய்வதிலேயே ஒரு பருவம் முழுவதும் போய்விடுகிறது. ஆனால், அந்தக் கோவையில் தனியாக நிற்கும் 1 என்ற எண் நமக்கு இலவசமாகத் தரும் ஒரு சோதனையைப் பற்றி வகுப்பறைகளில் போதுமான அளவு பேசப்படுவதில்லை என்பது என் நெடுநாளைய ஆதங்கம்.

அந்த 1-க்கு அலகு கிடையாது. ஆகவே அதனுடன் கூட்டப்படும் வளையக் கெயினுக்கும் அலகு இருக்க முடியாது. வளையத்தில் எந்தப் புள்ளியிலிருந்து புறப்பட்டாலும், வழியில் உள்ள ஒவ்வொரு பெட்டியின் அலகையும் பெருக்கிக்கொண்டே சென்று புறப்பட்ட இடத்திற்கே திரும்பும்போது எல்லா அலகுகளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு வெறும் எண் மட்டுமே எஞ்ச வேண்டும். ஏதேனும் ஓர் அலகு மிஞ்சினால், மாதிரியில் எங்கோ ஒரு மாறிலி தவறாக எழுதப்பட்டிருக்கிறது என்பது உறுதி. சமன்பாட்டின் எல்லா உறுப்புகளும் ஒரே பரிமாணம் கொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தெளிவாக எழுதிவைத்தவர்களில் முன்னோடி பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபூரியர். 1822-இல் வெளியான, வெப்பத்தைப் பற்றிய அவருடைய நூலில் அது இருக்கிறது. அதிர்வெண் பகுப்பாய்வு முழுவதும் எந்தத் தொடரின் மேல் நிற்கிறதோ அந்தத் தொடரும் அதே நூலில்தான் இருக்கிறது என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி.

நேர்மின்னோட்ட மோட்டார் ஒன்றின் வேகக் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்வோம். கட்டுப்படுத்தியும் திறன் பெருக்கியும் வோல்ட்டை வாங்கி வோல்ட்டைத் தருகின்றன. மோட்டார் வோல்ட்டை வாங்கி, நொடிக்கு இத்தனை ரேடியன் என்ற வேகத்தைத் தருகிறது. வேகத்தை அளக்கும் டாக்கோ ஜெனரேட்டர் அந்த வேகத்தை வாங்கி மீண்டும் வோல்ட்டாக மாற்றுகிறது. இவை மூன்றையும் பெருக்கினால் அலகு மிஞ்சுவதில்லை. ஆனால் டாக்கோவின் விவரத்தாளில் "1000 சுற்று வேகத்திற்கு 7 வோல்ட்" என்றும், மோட்டாரின் மாதிரியில் வேகம் ரேடியனிலும் இருந்து, இரண்டையும் அப்படியே பெருக்கினால், நிமிடமும் நொடியும் சுற்றும் ரேடியனும் மிஞ்சி நின்று நம்மைக் கூப்பிட்டு நிறுத்துகின்றன. நிமிடத்திற்கு 1000 சுற்று என்பது நொடிக்கு 104.72 ரேடியன். இந்த எண்ணை நுழைத்த பிறகுதான் வளையம் மூடுகிறது.

மோட்டாரின் உள்ளேயே இதைவிட அழகான ஒரு செய்தி இருக்கிறது. மோட்டாருக்கு இரண்டு மாறிலிகள் உண்டு. ஓர் ஆம்பியருக்கு எவ்வளவு திருப்புவிசை கிடைக்கும் என்பது ஒன்று. ஓரலகு வேகத்திற்கு எவ்வளவு எதிர்மின்னழுத்தம் எழும் என்பது மற்றொன்று. விவரத்தாள்களில் இவ்விரண்டும் வெவ்வேறு வரிகளில், வெவ்வேறு எண்களாக அச்சிடப்பட்டிருப்பதால் மாணவர்கள் இவற்றைத் தொடர்பற்ற இரு பண்புகள் என்றே எண்ணுகிறார்கள். எதிர்மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் இயந்திர ஆற்றலாக மாறும் திறன் கிடைக்கிறது. திருப்புவிசையைக் கோணத் திசைவேகத்தால் பெருக்கினாலும் அதே திறன் கிடைக்கிறது. இரண்டும் சமம் என்பதால், வேகத்தை ரேடியனில் எழுதினால் அவ்விரு மாறிலிகளும் எண்ணளவில் ஒன்றாகிவிடுகின்றன. 1000 சுற்றுக்கு 10 வோல்ட் என்று குறிக்கப்பட்ட ஒரு மோட்டாரின் எதிர்மின்னழுத்த மாறிலி 0.0955, அதன் திருப்புவிசை மாறிலியும் ஆம்பியருக்கு 0.0955 நியூட்டன் மீட்டரே. ஆற்றல் அழியாமை விதி விவரத்தாளின் இரு வரிகளுக்கு நடுவே இப்படி ஒளிந்திருக்கிறது. அலகைச் சரியாக எழுதியவருக்கு மட்டுமே அது கண்ணில் படுகிறது.

இனி, அலகுத் தவறு நேர்ந்தால் அது எப்படி வெளிப்படும் என்ற கேள்வி. இதற்கு விடை, தவறு வளையத்தின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இந்த ஒரு செய்திக்காகவே இந்தப் பதிவை எழுதத் தொடங்கினேன். கட்டுப்படுத்தி, பெருக்கி, மோட்டார் ஆகிய முன்செல் பாதையில் ஒரு மாற்றுக் காரணி விட்டுப்போனால், தொகையீட்டுச் செயல் (வேண்டிய வேகத்திற்கும் அளந்த வேகத்திற்கும் உள்ள விலகலைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டே சென்று திருத்துவது) உள்ள வளையம் நிலையாக இருக்கும் வரையில், இறுதியில் வந்து சேரும் வேகம் சரியாகவே இருக்கும். வளையம் மந்தமாகவோ பதற்றமாகவோ நடந்துகொள்ளும். அளவுக்கு மிஞ்சினால், வேகம் ஏறியும் இறங்கியும் அலையத் தொடங்கும். அதாவது தவறு தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். மாறாக, அதே காரணி அளவீட்டுப் பாதையில் விட்டுப்போனால், பின்னூட்டம் அந்தத் தவறை அப்படியே நம்பிச் செயல்படும்; கட்டுப்படுத்தியின் திரையில் விலகல் பூஜ்யம் என்று தெரியும்; உண்மை வேகம் வேறாக இருக்கும். வளையக் கெயின் மிகப் பெரியதாக இருக்கும்போது மூடிய வளையத்தின் கெயின், அளவீட்டுப் பாதையின் தலைகீழிக்குச் சமமாகிவிடுகிறது. பெல் ஆய்வகத்தில் ஹரால்டு பிளாக் 1927-இல் எதிர்ப் பின்னூட்டப் பெருக்கியைக் கண்டறிந்தபோது அதன் பெரும் பயனே இதுதான். பெருக்கியின் குறைகளை மறைக்கும் அதே பண்பு, அளவியின் குறைகளை முழுமையாக வெளியீட்டிற்குக் கடத்துகிறது.

ஆலைகளில் இதற்கு நாள்தோறும் உதாரணம் கிடைக்கிறது. 0 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை அளந்து 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை அனுப்பும் வெப்பநிலை டிரான்ஸ்மிட்டருக்குப் பதிலாக, 0 முதல் 400 டிகிரி வரை அளப்பதைப் பொருத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டிகிரிக்கு 0.08 மில்லி ஆம்பியராக இருந்தது 0.04 ஆகிவிடுகிறது. கட்டுப்படுத்தியில் வீச்சைத் திருத்த மறந்துவிட்டால், உலை 200 டிகிரியில் இருக்கும்போது திரை 100 என்று காட்டும். இது அளவீட்டுத் தவறு. வீச்சைத் திருத்திவிட்டாலும் விஷயம் முடியவில்லை. ஆலைக் கட்டுப்படுத்திகள் பெரும்பாலும் டிகிரியில் கணக்கிடுவதில்லை. வீச்சின் சதவீதத்தில் கணக்கிடுகின்றன. ஆகவே வளையக் கெயின் சத்தமில்லாமல் பாதியாகிவிடுகிறது, வளையம் மந்தமாகிறது.

எதிர்த்திசையில் மாற்றினால் கெயின் இரு மடங்காகும். இது விளையாட்டல்ல. ஜீக்லரும் நிக்கல்ஸும் கட்டுப்படுத்திகளைச் சீர்செய்ய 1942-இல் வெளியிட்ட புகழ்பெற்ற விதியின்படி, விகிதச் செயல் (விலகலுக்கு நேர்விகிதத்தில் திருத்துவது) மட்டும் உள்ள கட்டுப்படுத்திக்குத் தரப்படும் கெயின், வளையம் இடைவிடாமல் அலையத் தொடங்கும் எல்லைக் கெயினில் சரிபாதி. அந்த விதியால் சீர்செய்யப்பட்ட ஒரு வளையத்தில் டிரான்ஸ்மிட்டரின் வீச்சு பாதியாக்கப்பட்டால், கட்டுப்படுத்தியில் எவரும் கை வைக்காமலேயே வளையம் நேராக அந்த எல்லையில் போய் நிற்கும்.

அந்த விதியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர்கள் வேலை செய்தவை காற்றழுத்தத்தால் இயங்கிய கருவிகள். காகிதத்தில் கோடு வரையும் பேனா ஓர் அங்குலம் நகர்ந்தால் வெளியீட்டுக் காற்றழுத்தம் எத்தனை பவுண்டு மாறும் என்பதே அவர்களுக்குக் கெயின். இன்று அந்தப் பேனாவும் இல்லை, அந்த அங்குலமும் இல்லை. ஆனாலும் விதி இன்னும் பயன்படுகிறது. ஏனென்றால் அதில் உள்ள 0.5, 0.6, 8 ஆகிய எண்களுக்கு அலகு இல்லை. எல்லைக் கெயினையும் எல்லை அலைவுநேரத்தையும் அதே வளையத்தில் அளந்து, கட்டுப்படுத்தியின் கெயினை முன்னதன் பின்னமாகவும், நேரங்களைப் பின்னதன் பின்னமாகவும் அவர்கள் சொன்னார்கள். அலகைச் சுமந்து நிற்பவை அந்த இரு அளவீடுகள் மட்டுமே. எண்பது ஆண்டுகளுக்கு மேலாக, காற்றிலிருந்து மின்னணுவிற்கும் அதிலிருந்து மென்பொருளுக்கும் அந்த எண்கள் மாறாமல் வந்து சேர்ந்ததற்கு இதுவே முதன்மையான காரணம் என்று நான் கருதுகிறேன்.

அவர்கள் அவ்வளவு கவனமாக இருந்தும், விகிதம், தொகையீடு, வகையீடு ஆகிய மூன்று செயல்களும் கொண்ட பி.ஐ.டி. கட்டுப்படுத்திகளின் உலகில் அலகுக் குழப்பம் ஓயவில்லை. ஒரு தயாரிப்பாளர் கெயின் என்று கேட்பதை இன்னொருவர் விகிதப் பட்டை என்று சதவீதத்தில் கேட்கிறார். 100-ஐக் கெயினால் வகுத்தால் கிடைப்பது பட்டை என்பதால், எண் பெரிதாகும்போது கட்டுப்பாடு வலுவிழக்கிறது. தொகையீட்டுச் செயலுக்கு நிமிடம், நொடி, நிமிடத்திற்கு எத்தனை மறுநிகழ்வு என மூன்று வழக்கங்கள் உள்ளன. விலகல் மாறாமல் நிற்கும்போது, விகிதச் செயல் ஒரே எட்டில் தந்த வெளியீட்டைத் தொகையீட்டுச் செயல் மீண்டும் ஒருமுறை சேர்த்துத் தருவதற்கு ஆகும் நேரமே மறுநிகழ்வு நேரம். பழைய கருவியில் 5 என்று இருந்தது 5 நிமிடத்தைக் குறித்தது. புதிய கருவியிலும் அதே 5-ஐ இட்டால், அங்கே அது நிமிடத்திற்கு 5 மறுநிகழ்வு என்று பொருள்படலாம். தொகையீடு 25 மடங்கு வேகமாகிவிடும். அதே 5 நொடியைக் குறித்தால் 60 மடங்கு. சீர்செய்த மதிப்புகளைப் பதிவேட்டில் எழுதும்போது எண்ணை மட்டும் எழுதி அலகை விட்டுவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. கருவியை மாற்றும் நாளில் அந்தப் பதிவேட்டால் எந்தப் பயனும் இல்லை.

ரேடியனுக்குத் தனியாக ஓர் இடம் தர வேண்டும், ஏனெனில் மேலே சொன்ன அலகுச் சோதனையில் பிடிபடாமல் தப்பிவிடும் ஒரே பெரிய குற்றவாளி அதுதான். வில்லின் நீளத்தை ஆரத்தால் வகுத்துக் கிடைப்பதால் ரேடியனுக்குப் பரிமாணம் இல்லை. 1960 முதல் துணை அலகு என்ற தனிப் பிரிவில் அது வைக்கப்பட்டிருந்தது. 1995-இல் அந்தப் பிரிவே நீக்கப்பட்டு, பரிமாணமற்ற வழி அலகு என்று அறிவிக்கப்பட்டது. இதனால் நொடிக்கு ரேடியன், ஹெர்ட்ஸ் ஆகிய இரண்டும் பரிமாணச் சோதனையில் "ஒரு நொடிக்கு" என்றே தோன்றுகின்றன. இரண்டிற்கும் நடுவே உள்ள 6.283 என்ற காரணி சோதனையின் கண்ணுக்குத் தெரிவதில்லை. 0.1 நொடி நேர மாறிலி கொண்ட ஓர் அமைப்பின் முறிவு அதிர்வெண் (அதற்கு மேல் கெயின் குறையத் தொடங்கும் அதிர்வெண்) நொடிக்கு 10 ரேடியன்; அதிர்வெண் பகுப்பாய்வுக் கருவியிலோ அது 1.59 ஹெர்ட்ஸில் தெரியும்.

இதன் விளைவு எவ்வளவு கடுமையானது என்பதைத் தாமதத்தைக் கொண்டு பார்க்கலாம். ஒரு வளையத்தின் கெயின் 1 ஆகும் அதிர்வெண் "10" என்றும், கட்ட விளிம்பு (நிலைத்தன்மையை இழக்கும் முன் அந்த அதிர்வெண்ணில் வளையம் தாங்கும் கூடுதல் கட்டப் பின்தங்கல்) 45 டிகிரி என்றும் அறிக்கையில் இருக்கிறது. வளையம் தாங்கக்கூடிய கூடுதல் தாமதம், ரேடியனில் எழுதிய கட்ட விளிம்பை நொடிக்கு ரேடியனில் எழுதிய அந்த அதிர்வெண்ணால் வகுத்தால் கிடைக்கும். அந்த 10 நொடிக்கு ரேடியன் என்றால், 0.785-ஐப் பத்தால் வகுத்து ஏறத்தாழ 79 மில்லி நொடி. அது ஹெர்ட்ஸ் என்றால் வெறும் 12.5 மில்லி நொடி. கணினி வழியாக 20 மில்லி நொடி தாமதம் வருகிறது என்றால், முதல் நிலையில் வளையம் நிம்மதியாக இயங்கும். இரண்டாம் நிலையில் அலைந்து கெட்டுப்போகும். அறிக்கை எழுதியவர் ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் இந்த ஐயமே எழாது. விமானவியலில் இதே வகைச் சிக்கல் 57.3 என்ற வடிவில் வருகிறது. நிலைத்தன்மைக் கெழுக்கள் சில அட்டவணைகளில் ஒரு ரேடியனுக்கும், சிலவற்றில் ஒரு டிகிரிக்கும் தரப்படுகின்றன.

டெசிபெல் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தொலைபேசிக் கம்பிகளில் இழப்பை அளக்கப் பெல் நிறுவனம் 1920-களில் வகுத்த அலகு அது; திறன்களின் விகிதத்திற்காக உருவானது. கட்டுப்பாட்டில் நாம் அதை வோல்ட்டுக்கு எத்தனை ரேடியன் என்பது போன்ற அலகுள்ள கெயின்களுக்கும் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். வளையக் கெயினுக்கு அது முழுப் பொருத்தம், ஏனென்றால் அதற்கு அலகில்லை. மோட்டார் மட்டும் தனியாக 20 டெசிபெல் என்று சொன்னால், எந்த வேக அலகில், எந்த மின்னழுத்த அலகில் என்று சேர்த்துச் சொல்லாதவரை அந்த வாக்கியத்திற்குப் பொருள் இல்லை.

மின்வலையமைப்பின் அதிர்வெண் கட்டுப்பாட்டில் அலகுகள் வரலாற்றுத் தடயங்களாகவே நிற்கின்றன. வட அமெரிக்காவில், ஒவ்வொரு பகுதியும் தன் உற்பத்தியை எவ்வளவு திருத்த வேண்டும் என்று சொல்லும் பகுதி விலகல் சமன்பாட்டில், அதிர்வெண் வேறுபாட்டைப் பெருக்கும் கெழுவுக்கு முன்னால் 10 என்று ஓர் எண் நிற்கிறது. முதல்முறை பார்ப்பவர் அதற்கு ஏதோ இயற்பியல் காரணம் இருக்கும் என்று தேடுவார். காரணம் எளியது: அங்கே அந்தக் கெழுவை ஒரு ஹெர்ட்ஸுக்கு அல்லாமல் 0.1 ஹெர்ட்ஸுக்கு இத்தனை மெகாவாட் என்று குறிப்பது வழக்கம். வழக்கமான நாளில் அதிர்வெண் ஒரு ஹெர்ட்ஸ் அளவுக்கு விலகுவதே இல்லை என்பதால், இயக்குபவர்களுக்கு 0.1 ஹெர்ட்ஸ் என்பதே கைக்கு அடங்கும் அளவு. அந்தப் பத்து வெறும் அலகு மாற்றி.

நம் நாட்டு அனல்மின் நிலையங்களில் பரவலாக உள்ள 210 மெகாவாட் மின்னாக்க இயந்திரம் ஒன்றின் வேகக் கட்டுப்படுத்திக்கு 5 சதவீதச் சரிவு வைக்கப்பட்டிருக்கிறது என்றால், 50 ஹெர்ட்ஸில் 5 சதவீதமான 2.5 ஹெர்ட்ஸ் குறையும்போது அது தன் முழுத் திறனையும் கூட்டித் தர முயலும். அதாவது ஒரு ஹெர்ட்ஸுக்கு 84 மெகாவாட். சதவீதம் என்று பார்த்தால் இயந்திரங்களை ஒப்பிட வசதி. மெகாவாட் என்று பார்த்தால் வலையமைப்பின் மொத்தக் கணக்கைக் கூட்ட வசதி. இரண்டையும் ஒரே சமன்பாட்டில் கலப்பதுதான் ஆபத்து. இத்துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த அலகு நிலைம மாறிலியின் அலகு. சுழலும் டர்பைனிலும் ஜெனரேட்டரிலும் சேமித்துள்ள இயக்க ஆற்றலை இயந்திரத்தின் வரையறுத்த திறனால் வகுத்தால் வெறும் நொடி மிஞ்சுகிறது. 4 நொடி என்றால், அந்தச் சுழலும் எடை, தன் முழுத் திறனையும் 4 நொடிக்குத் தரக்கூடிய ஆற்றலைத் தன்னிடம் வைத்திருக்கிறது என்று பொருள். வலையமைப்பின் உற்பத்தியில் 5 சதவீதம் திடீரென்று போனால், 4 நொடி நிலைமம் உள்ள வலையமைப்பின் அதிர்வெண் முதல் கணத்தில் நொடிக்கு ஏறத்தாழ 0.31 ஹெர்ட்ஸ் வீதம் சரியத் தொடங்கும். ஓர் அலகை நொடியாகச் சுருக்கியதால் இத்தனையும் மனக்கணக்காகிவிடுகிறது.

பல மாறிகள் கொண்ட அமைப்புகளில் கேள்வி இன்னும் நுட்பமாகிறது. வண்டியின் மேல் நிற்கும் தலைகீழ் ஊசலின் நிலை மாறிகளில் மீட்டரும் ரேடியனும் கலந்திருக்கின்றன. மீட்டரைச் சென்டிமீட்டராக்கினால் நிலை அணியின் (அமைப்பை விவரிக்கும் மேட்ரிக்ஸின்) உறுப்புகள் மாறும். ஆனால் அமைப்பு எவ்வளவு வேகமாக அடங்கும் அல்லது வளரும் என்று சொல்லும் ஐகன் மதிப்புகள் மாறா. அவை எப்போதும் "ஒரு நொடிக்கு" என்ற அலகிலேயே நிற்கும். கட்டுப்படுத்த முடியுமா என்ற ஆம்-இல்லை விடையும் மாறாது. ஆனால், எவ்வளவு எளிதாகக் கட்டுப்படுத்தலாம் என்று சொல்லும் எண்கள், நிலை வெக்டரின் நீளம், அணியின் ஒருமை மதிப்புகள் ஆகியவை எல்லாம் மாறிவிடும். மீட்டரின் வர்க்கத்தையும் ரேடியனின் வர்க்கத்தையும் கூட்டுவது இயற்பியலில் பொருளற்ற செயல். ஒவ்வொரு மாறியின் வர்க்கத்தையும் ஓர் எடையால் பெருக்கிக் கூட்டிய இருபடிச் செலவை மிகச் சிறிதாக்கும் வடிவமைப்பில் எடைகளுக்கு அலகு உண்டு என்பதை மறந்து, எல்லா எடைகளையும் 1 என்று வைத்துத் தொடங்குபவர், ஒரு மீட்டர் நகர்வும் 57 டிகிரி சாய்வும் சம அளவு தீங்கு என்று தம்மை அறியாமலேயே முடிவெடுத்துவிடுகிறார். உகந்த கட்டுப்பாட்டு ஆய்வாளர் பிரைசன் சொன்ன வழி இதற்கு நேர்மையானது: ஒவ்வொரு மாறிக்கும் நாம் பொறுத்துக்கொள்ளும் பேரளவை முதலில் தீர்மானித்து, அதன் வர்க்கத்தின் தலைகீழியை எடையாக வைத்தால், கூட்டப்படும் ஒவ்வோர் உறுப்பும் அலகற்றதாகிவிடுகிறது. பொறியாளர் பிரிஸ்டல் 1966-இல் முன்வைத்த ஒப்புக் கெயின் அணியும் அளவுகோல் மாற்றத்தால் பாதிக்கப்படாதது. எந்த வால்வை எந்த அளவீட்டுடன் இணைப்பது என்று முடிவெடுக்க அதை நான் விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அலகு என்றாலே எல்லோரும் நினைவுகூரும் செவ்வாய் விண்கல விபத்தையும் இந்தக் கண்ணோட்டத்தில் மறுபடி பார்க்க வேண்டும். 1998 டிசம்பரில் ஏவப்பட்ட அந்த நாசா விண்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயின் பின்னால் மறைந்த பிறகு மீண்டும் தொடர்புக்கு வரவில்லை. பவுண்டு நொடியில் எழுதப்பட்ட கணத்தாக்கு, நியூட்டன் நொடி என்று வாசிக்கப்பட்டது, காரணி 4.45. இது வரை செய்தித்தாள்களும் சொன்னவை. கட்டுப்பாட்டுத் துறையினருக்கு முக்கியமானது அடுத்த பகுதி. விண்கலத்தின் சூரியத் தகடு ஒரு பக்கமாக அமைந்திருந்ததால் சூரிய ஒளியின் அழுத்தம் அதைத் தொடர்ந்து திருப்ப முயன்றது. அந்தக் கோண உந்தத்தைத் தாங்கிய சக்கரங்களை விடுவிக்க, சிறு உந்திகளை அடிக்கடி எரிக்க வேண்டியிருந்தது. ஒவ்வோர் எரிப்பும் பாதையைச் சற்றுத் தள்ளியது. எவ்வளவு தள்ளியது என்று தரையில் இருந்த மென்பொருள் கணக்கிட்டுத் தந்த எண்ணில்தான் அலகு தவறியிருந்தது. பூமியிலிருந்து எடுக்கப்பட்ட டாப்ளர் அளவீடு, நம்மை நோக்கியோ விலகியோ செல்லும் வேகத்தை மட்டுமே நேரடியாகக் காட்டும். அந்தச் சிறு தள்ளல்களின் பெரும்பகுதியோ பார்வைக் கோட்டிற்குச் செங்குத்தாக இருந்தது. ஆகவே அளவீட்டால் திருத்தப்பட வேண்டிய கணிப்பு, அந்தத் திசையில் கிட்டத்தட்டத் திருத்தமே இல்லாமல், தரப்பட்ட எண்ணை நம்பி மாதக்கணக்கில் ஓடியது. செவ்வாயை 226 கிலோமீட்டர் உயரத்தில் நெருங்கும் என்று திட்டமிடப்பட்ட கலம், பின்னர் செய்த கணக்கின்படி, ஏறத்தாழ 57 கிலோமீட்டர் உயரத்தில் நுழைந்தது.

வளையத்தின் முன்செல் பாதையில் நேரும் தவறு வெளிப்படும், அளவீட்டில் நேரும் தவறு மறைந்துகொள்ளும் என்று மேலே எழுதினேன். இது மூன்றாவது வகை: அளவீடே எட்டாத திசையில், வெளியிலிருந்து மாதிரிக்குள் ஊட்டப்படும் எண். வளையத்தைச் சுற்றிவரும் அலகுச் சோதனை இதைத் தொடுவதே இல்லை, ஏனெனில் அந்த எண் வளையத்திற்குள் இல்லை. ஆகவே ஒரு கணிப்பானின் (அளவீடுகளையும் மாதிரியையும் கொண்டு நிலை மாறிகளை மதிப்பிடும் நிரலின்) வடிவமைப்பைச் சரிபார்க்கத் தரும்போது, எந்த நிலை மாறிகளை அளவீடு வலுவாகப் பார்க்கிறது, எவற்றை மங்கலாகப் பார்க்கிறது என்ற பட்டியலை நான் முதலில் கேட்கிறேன். பிறகு, மங்கலான மாறிகளுக்குள் நுழையும் ஒவ்வோர் எண்ணும் எந்தக் கோப்பிலிருந்து வருகிறது, அந்தக் கோப்பின் விவரக்குறிப்பில் அதற்கு என்ன அலகு எழுதப்பட்டிருக்கிறது, அதை உருவாக்கும் நிரல் உண்மையில் அந்த அலகில்தான் எழுதுகிறதா என்று, தெரிந்த மதிப்புள்ள ஓர் உள்ளீட்டைக் கொடுத்து இறுதிவரை ஓட்டிப் பார்க்கச் சொல்கிறேன்.